கலைந்தது, கலைத்தது

ஜனவரி 12, ஞாயிறு

மருமகன் ஆல்வின் இந்த டைரியைக் கொடுத்தான். மனதில் உள்ளதை எழுதிவைத்தால் ரத்த அழுத்தம் குறையுமாம். யாருடைய ரத்த அழுத்தம் என்று சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு எழுதினால் குறையப்போவது என் வீட்டுக்காரருடையதுதான்.

நான் வயலட் தங்கதுரை. நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அமெரிக்கா வந்தவள். தெற்கே இந்த மாநிலத்தில் முப்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒரே மகள் ஹெப்சி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது என்பதால் இன்று எங்கள் தமிழ்ச் சபையில் அறிவித்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். சபையில் என்னோடு நெருங்கிப் பழகும் லில்லி மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அவளுக்கு மூன்று தடவை தங்கி, மூன்று தடவையும் நிற்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் உயிர்க் காப்புக் குழு கூடியது. கருக்கலைப்பை எதிர்ப்பதற்கு எங்கள் சபை வைத்திருக்கும் குழு. தலைவர் என் வீட்டுக்காரர். செயலாளர் நான். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டத் தெரிந்தவள் சபையில் நான் ஒருத்திதான் என்பது என் தகுதி.

ஜனவரி 18, சனி

இட்லி மாவு பொங்கவே இல்லை. இந்த ஊர்க் குளிரில் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவை உள்ளே வைக்கவேண்டும். நேற்று மறந்துவிட்டேன், குழுவுக்கு மசோதா தட்டிக்கொண்டிருந்ததால்.

மசோதா கதை இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு சட்டம் வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டுவிட்டால் கருவைக் கலைக்கக் கூடாது. தாய்க்கு ஆபத்து வந்தால் மட்டும் விலக்கு. முதல் வரைவில் "தாயின் உயிருக்கோ சுகத்துக்கோ ஆபத்து" என்று இருந்தது. சட்டமன்றத்தில் கிராமத்துப் பக்கத்து உறுப்பினர்கள் முறுக்கிக்கொண்டார்கள். சுகம் என்றால் தலைவலியும் சுகக்கேடுதானே என்று கேட்டார்களாம். சபைகளின் சார்பில் தலைநகருக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் அங்கே எழுந்து, அந்தச் சுகத்தை எடுத்துவிடலாமே, உயிர் இருந்தால் போதாதா என்று வழி சொன்னார். கூடவே ஆபத்துக்கு முன்னால் "உடனடி" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தார். சட்டம் நிறைவேறியது. உறுப்பினர் ஒருவர் இவர் கையைக் குலுக்கும் படம் எங்கள் ஹாலில், ஹெப்சியின் பட்டமளிப்புப் படத்தைவிட ஒரு சாண் மேலே தொங்குகிறது.

இவர் தொழில் வீடு விற்பது. சமையலறைத் தரையை மாற்றித் தருவதாக விட்டுக்கொடுத்து வீட்டைத் தள்ளிவிடத் தெரிந்தவர். "ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு சட்டத்தையே வாங்கிட்டு வந்தேன், வயலட்" என்று இன்றும் சொல்வார். அன்றிலிருந்து யாராவது எங்களைப் பார்த்து சுகமா இருக்கீங்களா என்று கேட்டால், உயிரோடு இருக்கோம் என்று நான் பதில் சொல்வதுண்டு. இவருக்கு அது பிடிக்காது.

இப்போது அந்த விலக்கையும் எடுக்கவேண்டும் என்று புது மசோதா வந்திருக்கிறது. எந்த விலக்கும் கிடையாது, கலைத்த பெண்ணையும் தண்டிக்கவேண்டும். எங்கள் குழுவில் இதற்குக் கொடி பிடிப்பவர் எஸ்றா தம்பி, லில்லியின் கணவர். சாஃப்ட்வேர் சோதனை செய்கிற வேலை. அவருக்கு உலகத்தில் எதுவும் ஒன்று பாஸ், இல்லையென்றால் ஃபெயில்.

ஜனவரி 19, ஞாயிறு

குழுக் கூட்டம் எங்கள் வீட்டில். மட்டன் பப்ஸ் போட்டேன். கொள்கை எதுவானாலும் பப்ஸ் விஷயத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எஸ்றா தம்பி சொன்னது இது. உயிர் உயிர்தான், அதில் முக்கால் உயிர் அரை உயிர் என்று கிடையாது, கொலைக்கு விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உயிர்க் காப்புக் குழு என்று பெயர் வைத்துக்கொள்ள நமக்கு வெட்கமில்லையா? என் வீட்டுக்காரர் சொன்னது, எல்லாம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் உள்ளதும் போய்விடும். அப்படியே இரண்டு மணி நேரம். லில்லி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் எஸ்றாவின் மசோதாவைச் சுருக்கித் தமிழில் துண்டறிக்கை போடுவதற்கு இவர் ஒத்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு, ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"அவன் கத்தக் கத்த நான் நியாயஸ்தனாத் தெரிவேன்லா" என்றார்.

முப்பது வருடக் குடித்தனத்தில் இவர் என்னிடம் சொன்ன நேர்மையான வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

ஜனவரி 26, ஞாயிறு

என் மானம் போனது.

துண்டறிக்கையில் "கரு கலைத்த பெண்களையும் சட்டப்படி தண்டிக்க வேண்டும்" என்று வரவேண்டும். நான் தட்டியதில் த்-க்குப் பதிலாக ந் விழுந்துவிட்டது. "கரு கலைந்த பெண்களையும் சட்டப்படி தண்டிக்க வேண்டும்." முந்நூறு பிரதி. வாசலில் நின்று எஸ்றா தம்பியே தன் கையால் எல்லோருக்கும் கொடுத்தார். தன் மனைவிக்கும் கொடுத்தார்.

லில்லி பாதி ஆராதனையில் எழுந்து போய்விட்டாள். பெண்கள் கழிப்பறையில் கண்டுபிடித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எழுத்துப் பிழைம்மா, என் கண்ணு அவிஞ்சுபோச்சு, மன்னிச்சிரு என்றேன்.

"பரவால்லக்கா. மொதத் தடவ ஆஸ்பத்திரிச் சீட்டிலயும் அபார்ஷன்னுதான் போட்டிருந்தான். டாக்டர்மாருக்கு ரெண்டுக்கும் ஒரே பேராம். அவங்க அத ஒரு மாசம் என்கிட்ட பேசல."

அவங்க என்றால் எஸ்றா. டவலை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் குழு முழுவதும் பேனாவும் வெள்ளை மையுமாக உட்கார்ந்து மீதியிருந்த பிரதிகளில் ந்-ஐ அழித்துத் த் எழுதினோம். இனி நான் தட்டும் எதையும் எஸ்றா தம்பி சரிபார்த்த பிறகே வெளியிடவேண்டும் என்று தீர்மானம். "ஒரு எழுத்து மாறினா குற்றவாளி நிரபராதி ஆயிருவாக்கா" என்று மிகுந்த அன்போடு எனக்கு எடுத்துச் சொன்னார்.

ஜனவரி 28, செவ்வாய்

ஹெப்சியும் ஆல்வினும் சாப்பிட வந்தார்கள். மோர்க்குழம்பு, வாழைக்காய் பொரியல். அவளுக்கு இப்போதெல்லாம் புளிப்புதான் இறங்குகிறது.

துண்டறிக்கைக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. இந்த ந்-த் விவகாரத்தில் எங்கள் வீட்டில் பெயர் பெற்றவள் அவள்தான். பெண் பார்க்க வந்தபோது ஆல்வின் வீட்டார் முன்னால், "அம்மா என்னை நல்லா வளர்ந்தாங்க" என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் என் இடுப்பைப் பார்த்தார்கள். சபையில் இன்றைக்கும் யாராவது கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டால், நல்லா வளர்ந்துட்டாங்க என்று கேலி செய்வார்கள்.

பெயர் யோசித்துவிட்டார்களாம். ஆண் என்றால் ஆரோன், பெண் என்றால் அகிலா. அதென்ன அ, ஆவிலேயே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் ரெண்டு எழுத்து மட்டும்தான் எனக்குத் தப்பாம வரும் என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

புது மசோதா மீது சட்டமன்றக் குழுவின் விசாரணை பதின்மூன்றாம் தேதி தலைநகரில். எஸ்றா தம்பி ஆதரித்துப் பேசுகிறார். என் வீட்டுக்காரர் எதிர்த்து, அதாவது பழைய சட்டமே போதும் என்று, பேசுகிறார். இருவரும் ஒரே காரில் போகிறார்கள். வழிக்குத் தக்காளி சாதமும் சிப்ஸும் நான் கட்டித் தரவேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் ஹெப்சிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. நாலரை மாதம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. படம் எடுத்துப் பார்த்தாள். நீர் முழுவதும் வடிந்துவிட்டது, பிள்ளை பிழைக்க வழியே இல்லை என்றாள். ஆனால் துடிப்பு இருக்கிறது. அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் கதவைப் பார்த்தாள். கிருமி ஏறுவதற்குள் எடுத்துவிடுவதுதான் முறை, இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் என்றால் இன்றைக்கே செய்திருப்பேன் என்றாள். பிறகு வெளியே போய் ஆஸ்பத்திரி வக்கீலோடு பேசிவிட்டு வந்தாள்.

உயிருக்கு ஆபத்து இருக்கிறது, ஆனால் அது இன்னும் உடனடியாக ஆகவில்லையாம். வீட்டுக்குப் போங்கள், காய்ச்சல் வந்ததும் வாருங்கள்.

காய்ச்சல் வராவிட்டால் என்று ஆல்வின் கேட்டான். வரும் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

ஹெப்சியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஹாலில் சோபாவில் படுக்கவைத்தேன். அந்தப் படத்துக்கு நேர் கீழே.

பிப்ரவரி 12, புதன்

வீட்டுக்காரர் காலையிலிருந்து போனில். படத்தில் கை குலுக்கிய உறுப்பினரின் அலுவலகத்தை ஏழெட்டு தடவை கூப்பிட்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். உதவியாளர் பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினானாம். வருத்தமாக இருக்கிறது சார், ஆனால் அந்தச் சொல்லை நீங்கள்தானே கொடுத்தீர்கள், அது இருப்பதால்தான் சட்டம் நீதிமன்றத்தில் நிற்கிறது என்றானாம். நாளை விசாரணைக்கு வருகிறீர்கள்தானே என்றும் கேட்டானாம்.

இதை என்னிடம் சொல்லிவிட்டு இவர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து ஹெப்சியின் காலைப் பிடித்துவிட்டார். அவளுக்கு ஐந்து வயதுக்குப் பிறகு இவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சபைக்கு ஹெப்சி சுகவீனம் என்று மட்டும் சொன்னோம். என்ன சுகவீனம் என்பதை லில்லி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். மதியத்துக்குள் எஸ்றா தம்பி ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நின்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசமாம். துடிப்பு இருக்குல்லாக்கா, அது போதும், அற்புதம் நடக்கும், காத்திருப்போம் என்றார். முழங்காலில் நின்று அழுது ஜெபித்தார். பொய்யில்லாத அழுகை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஆக, ஒருவர் கொடுத்த சொல் காய்ச்சலுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. மற்றவர் அற்புதத்துக்காகக் காத்திருக்கச் சொல்கிறார். கொள்கையில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இருவரும் காத்திருப்பது என்னவோ ஒரே சோபாவின் பக்கத்தில்தான். நான் அவளுக்கு ஆரஞ்சு பிழிந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

சாயங்காலம் உடம்பு சுட்டது. நூறு. நூறு போதாதாம், ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டார்கள். நூற்றி ஒன்று ஆகவேண்டுமாம். என் பிள்ளையின் காய்ச்சல் ஏறாதா என்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பெற்றவள் இதைப் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

பிப்ரவரி 13, வியாழன்

நாங்கள் சுற்றுலா போகிறோம்.

டைரியில் கண்டதையும் எழுதாதே என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். எனவே சுற்றுலா. இந்தச் சட்டம் இல்லாத பக்கத்து மாநிலத்தில் எங்களுக்கு ஓர் உறவினர் இருக்கிறார். இன்று காலையில்தான் அவர் உறவினரானார். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாராம். நாலு மணி நேரப் பயணம், ஆல்வின் ஓட்டுகிறான்.

இவர் எங்களோடு வரவில்லை. விசாரணைக்கு வராவிட்டால் எஸ்றாவும் மற்றவர்களும் ஏன் என்று கேட்பார்கள், அதனால் நான் போய் நிற்பதுதான் பாதுகாப்பு என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். இவர் சொல்வது எப்போதும் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

"போனெல்லாம் இங்கயே வெச்சிட்டுப் போங்க" என்றார். பிறகு கம்பளியை எடுத்துவந்து பின்சீட்டில் விரித்தார். ஹெப்சியின் நெற்றியில் கை வைத்தார். எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார். எஸ்றா தம்பியின் கார் வரும் நேரம் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். தக்காளி சாதமும் கட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

உறவினர் நல்ல மனுஷி. என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் வாக்கியத்தை முடிப்பதற்கு வக்கீல் வேண்டும். இவள் தானாகவே நிறுத்தினாள்.

ஹெப்சி பார்க்கவேண்டும் என்றாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஆரோன்.

வேறு பார்க்கவேண்டிய இடங்கள் எதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தோம். சபைக்குப் போகவில்லை. ஹெப்சிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

விசாரணையில் எஸ்றாவின் மசோதா தோற்றது. இவர் பேச்சுதான் திருப்பியதாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். இப்போதுள்ள சட்டம் தாய்மாருக்குப் போதுமான இடம் கொடுக்கிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது என்று பேசினாராம்.

"ஜெயிச்சிட்டோம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காரேஜில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆல்வினின் காரின் பின்சீட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் மேல் நான் வைத்திருந்த கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளவும் விடமாட்டேன் என்கிறார், இந்த மனுஷன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சபையின் ஜெபக் குறிப்பு தட்டுவதும் என் வேலைதான். எங்களுக்காக நானே ஒன்று தட்டினேன். "சகோதரி ஹெப்சியின் கரு கலைந்தது. குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிப்போம்." ந். தெளிவாக, பிழையில்லாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டினேன்.

ஹெப்சி பின்னால் வந்து நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது ந்-தானே? அந்த நோட்டீஸ்ல தப்பாப் போட்டது?"

ஆமாம் என்றேன். ந் போட்டால் தானாக நடந்தது, த் போட்டால் நாம் செய்தது என்று விளக்கினேன். இருபத்தெட்டு வயதில் அவளுக்கு நான் எடுத்த தமிழ்ப் பாடம்.

"நாமதானேம்மா செஞ்சோம்?"

"ஆமா."

"அப்ப த் போடுங்க. நான் தப்பு ஒண்ணும் செய்யல. எனக்கு எதுக்குப் பொய்?"

யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியாது, எல்லை தாண்டிக் கூட்டிப்போன ஆல்வினையும் இழுப்பார்கள், கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் உனக்காகத்தான் என்றேன்.

"அப்பாவும் இப்படித்தான் சொன்னாங்க, அந்த வார்த்தைய எடுத்தப்போ. எல்லாருக்காகவும்னு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைத் துடைக்கப் போனேன். ந்-ஐ மாற்றவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தீர்மானப்படி ஜெபக் குறிப்பைச் சரிபார்க்க எஸ்றா தம்பி லில்லியோடு வந்தார். மசோதா தோற்ற துக்கம் முகத்தில் அப்படியே இருந்தது. ஹெப்சியைப் பார்த்ததும் அது போய் வேறு துக்கம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு தாளை எடுத்தார். பேனாவை எடுத்தார். வேலைக் குணம் வந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்கா? எந்தக் கிழமை? வியாழக்கிழமை கூப்பிட்டேன், யார் போனும் எடுக்கலையே?

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் வாயைத் திறந்தேன், என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

லில்லி அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். ஹெப்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எழுத்து சரியாத்தான் இருக்கு. கையெழுத்தப் போடுங்க" என்றாள். "எனக்கு ஆனப்ப என்ன கிழமைன்னு நீங்க கேட்டது போதும்."

எஸ்றா தம்பி கையெழுத்துப் போட்டார். பாஸ்.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்காரர் ஹாலில் அந்தப் படத்தைக் கழற்றினார். சுவரில் சதுரமாக அடையாளம் தெரிந்தது. யாராவது கேட்பார்கள் என்று மறுபடி மாட்டிவிட்டார். பழைய உயரத்தைவிட ஒரு சாண் கீழே.

சட்டத்தில் அந்தச் சுகத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்பீர்களா என்றேன்.

"கேக்கணும். இப்ப வேண்டாம். அடுத்த கூட்டத்தொடர்ல மெதுவாப் பேசிப் பார்க்கலாம்" என்றார்.

மாவு இன்று நன்றாகப் பொங்கியிருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஹெப்சி நானும் வருகிறேன் என்றாள். வீட்டில் ஓய்வாக இரு என்று மூன்று பேரும் சொன்னோம். கேட்கவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள்.

ஜெபக் குறிப்பு வாசிக்கும் முறை இன்று எஸ்றா தம்பியுடையது. "சகோதரி ஹெப்சியின் கரு கலைந்தது" என்று அழுத்தம் திருத்தமாக வாசித்தார். அந்த ந் கடைசி வரிசை வரை போனது. சபையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். யார் யாரோ என் தோளைத் தொட்டார்கள். இனி முடிந்தது என்று நினைத்தேன். என் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது, உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

அடுத்தது சாட்சி நேரம். தேவன் செய்ததைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம். ஹெப்சி எழுந்தாள். ஆல்வின் அவள் புடவை முந்தானையைப் பிடித்தான். அவள் மெதுவாக அதை விடுவித்துக்கொண்டு முன்னால் போய் மைக்கை வாங்கினாள்.

"அங்கிள் வாசிச்சதுல ஒரு எழுத்து தப்பு" என்றாள். "கலைந்தது இல்ல. கரு கலைத்தது."

இலக்கணப்படி அது ஒரு வாக்கியமே இல்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. சபை முழுவதும் கண்ணீரோடு சிரித்தது. கேலியில்லை, அத்தனையும் பாசம். எனக்குப் பின்னால் யாரோ, பாவம், அம்மா என்னை வளர்ந்தாங்கன்னு சொன்ன பிள்ளைதானே என்றார்கள்.

எஸ்றா தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். "இல்லம்மா. கலைந்ததுதான் சரி. நீ சொல்லுத மாதிரி த் போட்டா அர்த்தமே மாறிரும்."

"தெரியும் அங்கிள். த்-தான்."

"துக்கத்துல பிள்ளைக்கு எழுத்து குழம்புது" என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையில் கை வைத்தார். ஒரு எழுத்துக்காக மீதிக் காகிதத்தையெல்லாம் திருத்தவைத்தவர், என் பெண் உயிரைக் கொடுத்துச் சொன்ன எழுத்தை ஒரு தட்டில் திருத்திவிட்டார்.

ஹெப்சி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை. சபையில் தமிழ் தெரிந்தவள், தட்டச்சு தெரிந்தவள், செயலாளர். அவள் சொல்வது சரிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்துகூட நிற்கவேண்டியதில்லை. என் பக்கத்தில் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் லில்லி, அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை. பாஸ்டர் ஆமென் என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

ஹெப்சி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் பக்கத்தில் இல்லை. லில்லி நகர்ந்து இடம் கொடுத்தாள், அங்கே.

முடிந்து வெளியே வரும்போது எஸ்றா தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் மனம் நோகக் கூடாதே என்ற கவலையோடு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதிய அக்கா. வீட்ல பிள்ளைக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுங்க."

சொல்லிக் கொடுக்கிறேன் தம்பி என்றேன்.